ஐந்நூறாம் நம்பர் வீரய்யா

கிளென்டார் தோட்டத்து ஒப்பீசில் பிரியந்திக்கு வைத்திருந்த பெயர் ‘கம்பியூட்டர் புள்ள’. அந்தப் பெயரில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் நக்கலும் இருந்தது. வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைக்குள்ளே மூச்சு வாங்க ஏறினால் வரும் தோட்டம் அது. அந்தத் தோட்டத்து மேல் டிவிஷன் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, அம்மா வீரம்மா பறித்த கொழுந்தில் படித்து, அட்டனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நடந்த கம்பியூட்டர் வகுப்புக்கு இரண்டு வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தவள். லயத்திலிருந்து ஒப்பீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். ஆனால் உட்கார்ந்தது தற்காலிகமாக. மூன்று வருஷமாக அந்தத் ‘தற்காலிகம்’ ஈரம் காயாத சேலை மாதிரி மேலே ஒட்டிக்கொண்டே கிடந்தது.

ஆள் எப்படி என்றால், சிரிப்பு வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாத ஆள். பயம் வந்தால் அதைவிட அதிகமாகச் சிரிப்பாள். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை அவள் அவ்வளவு சிரித்தாள். பார்த்தவர்கள் எல்லாம், பெண்ணுக்கு ஏதோ நல்ல இடத்தில் கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள்.

நடந்தது இரண்டாயிரத்து நான்காம் வருஷம். ஒப்பீசில் ஒரு பழைய சேர்வர் இருந்தது. சேர்வர் என்றால் பயப்பட வேண்டாம். எல்லாருடைய வேலையையும் ஒரே இடத்தில் வைத்துக் காக்கிற பெரிய கம்பியூட்டர், அவ்வளவுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கொழும்பிலிருந்து வந்த ஒரு ஆள் அதைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள்ளே ‘பொதுப் பெட்டி’ என்று ஒரே ஒரு பெட்டி. ஒப்பீசில் உள்ள ஆறு பேரும் தங்கள் பைல்களை அதற்குள்தான் போடுவார்கள். ஆனால் அவரவர் கம்பியூட்டரில் திறந்தால் அவரவர் பைல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மற்றவருடையது இருக்கிற அடையாளமே தெரியாது. நல்ல ஏற்பாடு. துரை என்ன எழுதுகிறார் என்று கிளாக்கருக்குத் தெரியாது, கிளாக்கர் என்ன எழுதுகிறார் என்று துரைக்குத் தெரியாது. தோட்டம் நிம்மதியாக ஓடியது.

அந்த சேர்வர் இருமத் தொடங்கியது. கம்பனி புதிய சேர்வர் ஒன்றை அனுப்பியது. ரணவீர துரை பிரியந்தியைக் கூப்பிட்டார். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை அவர், சிங்களவர், தமிழை அவசரத்துக்கு உடைத்து உடைத்துப் பேசுவார்.

“பாரு பிரியந்தி, பழைய மெஷின்ல உள்ளது எல்லாம் புது மெஷினுக்கு போகணும். ஒண்ணும் கொறையக் கூடாது, ஒண்ணும் மாறக் கூடாது. திங்கக்கெழமை ஹெட் ஒப்பீஸ்ல இருந்து மிஸ்டர் கோபிசங்கர் வர்றது. அவரு சரி சொன்னா, அன்னைக்கே நான் ஒன்ன பெர்மனன்ட் பண்றது.”

“சரிங்க சேர்” என்றாள். வெளியே வந்து ஒப்பீஸ் பியூன் வீரய்யாவின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர் கையில் இருந்த டீத்தட்டு தப்பியது ஆச்சரியம்.

“யே புள்ள, மெதுவா! கோப்பைக்கு நீயா பொறுப்பு?” என்றார் வீரய்யா. அவளுக்கு அவர் மாமா முறை.

சனிக்கிழமை வேலை தொடங்கியது. முதலில் புது சேர்வரில் ஆறு பேருடைய பெயரையும் பதிய வேண்டும். பழையதில் இருந்த வரிசையை அவள் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்றார் பெரிய கிளாக்கர் மகாலிங்கம். யாழ்ப்பாணத்து மனிதர். டை கட்டாமல் அவரை அவருடைய மனைவி கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று சொல்வார்கள்.

“என்ன பிள்ளை இது? முதலாவதா ஆர்ட பேர் நிக்குது?”

“வீரய்யா மாமா பேருங்க ஐயா. அந்தக் கொழும்புக்காரர் மெஷின் வேல செய்யுதான்னு பாக்க, டீ கொண்டாந்தவரத்தான் புடிச்சி மொதல்ல பதிஞ்சாராம். அதுக்கப்புறம்தான் தொரை, நீங்க, எல்லாரும்.”

மகாலிங்கத்தாருக்கு முகம் சிவந்தது. “துரைக்கு முன்னால பியூன்ர பேரோ? ஹெட் ஒப்பீஸ் ஆள் வந்து பார்த்தா எங்களைப் பற்றி என்ன நினைக்கும்? இது சரிவராது. துரையை முதல் போடும். பிறகு நான், பிறகு டீமேக்கர் சின்னராசா, சிவனேஸ்வரி, நீர். வீரய்யாவைக் கடைசியில போடும்.”

தோட்டம் என்றால் அப்படித்தான். கோயில் திருவிழாவில் விபூதி கொடுப்பதிலிருந்து குரூப் போட்டோவில் நாற்காலி போடுவது வரை துரைதான் முதல். இதில் தப்பு என்ன இருக்கிறது என்று பிரியந்திக்கும் தோன்றவில்லை. உள்ளே ஒரு சின்ன உறுத்தல் கூட இல்லை. துரையை முதலில் போட்டாள், வீரய்யாவைக் கடைசியில் போட்டாள், கைகளைத் தட்டிக்கொண்டாள்.

பைல்களை மாற்றுவதில் மட்டும் அவள் மகா கவனமாக இருந்தாள். சும்மா மாற்றினால், மாற்றுகிற ஆளுக்கே எல்லாப் பைலும் சொந்தமாகிவிடும் என்று வகுப்பில் படித்திருந்தாள். அதனால் எந்தப் பைல் யாருக்குச் சொந்தமோ அந்தச் சொந்தம் மாறாமல் போகிற விதமாகத்தான் கட்டளை கொடுத்தாள். எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் குறையவில்லை. வீட்டுக்குப் போகும்போது தேயிலைக்கு நடுவில் பாட்டுப் பாடிக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை காலை. பழைய சேர்வரை இனி வைத்து என்ன செய்வது என்று, கினிகத்தேனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார் துரை. வீரய்யா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், கொழும்புக்குத் தேயிலை ஏற்றிப் போகிற லொறியில் வைத்தார். டிரைவர் செல்லசாமி ஹார்ன் அடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஒப்பீஸ் திறந்தது. எல்லாரும் கம்பியூட்டரைப் போட்டார்கள். பிரியந்தி சேர்வர் அறையில் வயர்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். யாராவது கூப்பிடுவார்கள், ஏதாவது குறை சொல்வார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. அதுவே அதிசயம். மகாலிங்கத்தார் இருக்கிற ஒப்பீசில் ஒரு மணி நேரம் சத்தம் இல்லை என்றால், ஒன்று மகாலிங்கத்தார் வரவில்லை, அல்லது உலகம் அழிந்துவிட்டது.

எட்டிப் பார்த்தாள். மகாலிங்கத்தார் மூக்குக் கண்ணாடியைத் திரையில் ஒட்டிக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். அவர் கை டையை இறுக்கிப் பிடித்திருந்தது. தோட்டத்துத் தொழிலாளர் நலம் பார்க்கிற வெல்பெயார் மிஸ் சிவனேஸ்வரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். துரையின் அறைக்குள் துரை ஒரு தாளில் என்னவோ குறித்து, அழித்து, மறுபடி குறித்துக்கொண்டிருந்தார். பெக்டரியிலிருந்து வந்த பையன் ஒருவன், அங்கே தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் சின்னராசா தேயிலை மூட்டை மேல் உட்கார்ந்து அழுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

என்னடா இது என்று பிரியந்தி தன் கம்பியூட்டரில் பொதுப் பெட்டியைத் திறந்தாள். அவளுடைய பைல் ஒன்றைக்கூடக் காணோம். சிவனேஸ்வரி மிஸ்ஸின் பைல்கள் வரிசையாக இருந்தன. கனடாவில் உள்ள தங்கைக்கு எழுதியது என்று பெயரிலேயே தெரிந்தது. சூடுபட்ட மாதிரி டக்கென்று மூடினாள்.

“அய்யய்யோ” என்றாள். பிறகு சிரித்தாள். சொன்னேனே, பயத்துக்கும் அவளுக்கு அதுதான் வரும்.

ஜன்னலுக்கு வெளியே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை நம்பர் கூப்பிடக் கூப்பிட, பெண்கள் தங்கள் சாக்கைத் தூக்கித் தராசில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாக்கில் நம்பர்தான் இருக்கும், பேர் இருக்காது. எந்த நம்பர் யார் என்பது செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் இருக்கும். ஒரு இரவுக்குள்ளே யாராவது செக்ரோல் வரிசையை மாற்றி வைத்தால், வீரம்மா பறித்த கொழுந்து அடுத்தவள் கணக்கில் ஏறிவிடும்.

பிரியந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சேர்வரும் அதேதான். அதற்குப் பேர் தெரியாது. ஒவ்வொரு பைலிலும் ஒரு நம்பர்தான் ஒட்டியிருக்கும். பேர் பதிகிற வரிசைப்படி அது ஐந்நூறிலிருந்து நம்பர் கொடுத்துக்கொண்டு போகும். பழையதில் ஐந்நூறு வீரய்யா, ஐந்நூற்றொன்று துரை. இப்போது ஐந்நூறு துரை! அவள் நம்பரை ஒழுங்காகத்தான் கொண்டுவந்தாள். ஆளை மாற்றி வைத்துவிட்டாள். பியூனைத் தலையிலிருந்து வாலுக்குக் கொண்டுபோனதில் ஒப்பீஸ் முழுக்க ஒவ்வொருவரும் ஒரு இடம் நகர்ந்துவிட்டார்கள். வீரய்யாவுடையது துரைக்கு, துரையுடையது மகாலிங்கத்தாருக்கு, மகாலிங்கத்தாருடையது சின்னராசாவுக்கு, சின்னராசாவுடையது மிஸ்ஸுக்கு, மிஸ்ஸுடையது இவளுக்கு. இவளுடையது, கம்பியூட்டரைத் துடைக்க மட்டுமே தொடுகிற வீரய்யாவுக்கு.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஒருத்தராவது வாயைத் திறந்து ‘என் பைலைக் காணோம்’ என்று சொல்லவில்லை. பக்கத்து ஆளின் பைல் அவ்வளவு ருசியாக இருந்தது.

ருசிக்கு என்ன குறைச்சல்! துரை இரகசியமாக இங்கிலீஷில் ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். அதில் கொலைகாரன் டை கட்டின ஒரு பெரிய கிளாக்கர். மகாலிங்கத்தார் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். மகாலிங்கத்தாரோ, ஒப்பீசில் உள்ள அத்தனை பேருக்கும் பிரியாவிடை உரையை இப்போதே எழுதி வைத்திருந்தார். என்றைக்காவது தேவைப்படும், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம் என்ற முன்யோசனை. ‘எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டுச் செல்லும் திரு. சின்னராசா அவர்களே’ என்று தொடங்கியதைப் படித்துத்தான் சின்னராசா, தன்னை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்று மூட்டை மேல் உட்கார்ந்து அழுதான். சின்னராசாவின் பைல்களில், அவன் தன் தலையை வெட்டி சினிமாக் கதாநாயகர்களின் உடம்பில் ஒட்டின படங்கள். குதிரை மேல் ஒரு சின்னராசா, ஹெலிகொப்டரில் ஒரு சின்னராசா. சிவனேஸ்வரி மிஸ் கண்ணீர் வரச் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

துரைக்குக் கிடைத்தது வீரய்யாவின் ஒரே ஒரு பைல். அந்தக் காலத்தில் கொழும்புக்காரர் ‘ஏதாவது அடிங்க’ என்று சொல்ல, வீரய்யா இரண்டு கையாலும் அடித்த எழுத்துக் குப்பை. துரை அதை யாரோ எதிரி அனுப்பின சங்கேதச் செய்தி என்று நினைத்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். நாவல் எழுதுகிறவர் பாருங்கள்.

மத்தியான ரயிலில் கோபிசங்கர் வந்து இறங்குவார். அதற்குள் சரி பண்ண வேண்டும். பிரியந்தி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ‘இப்போ துரை கையில இருக்கிறது வீரய்யா மாமாவோடது. அத மாமாவுக்குக் குடு’ என்று கட்டளை கொடுத்தாள். போனது. ‘மாமா கையில இருக்கிறது என்னோடது. அத எனக்குக் குடு.’ போனது. ‘என்கிட்ட இருக்கிறது மிஸ்ஸோடது. மிஸ்ஸுக்கு.’ இப்படியே ஒரு சுற்று வந்து, கடைசியாக மகாலிங்கத்தாரிடம் இருப்பதைத் துரைக்குக் கொடுத்து முடித்தாள்.

முடித்துவிட்டுப் பார்த்தால் தலை சுற்றியது. முதல் கூடையை இரண்டாவது கூடையில் கொட்டியாயிற்று. கலந்துபோனதை அப்படியே அள்ளி மூன்றாவதில் கொட்டியாயிற்று. ஒவ்வொரு தரமும் வந்தது, இருந்தது எல்லாம் சேர்ந்தே நகர்ந்து, கடைசிக் கூடையில் போய் விழுந்துவிட்டது. அந்தக் கடைசிக் கூடை துரையுடையது. ஒப்பீசில் உள்ள ஒவ்வொரு பைலும் இப்போது துரைக்குச் சொந்தம். மற்ற ஐந்து பேருக்கும் பெட்டி காலி.

“தோட்டம்னா கடைசியில எல்லாம் தொரைக்குத்தான் போயி சேரும்போல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இப்போது எது யாருடையது என்று எந்தக் கடவுளுக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான பைல். உண்மை தெரிந்தது பழைய சேர்வருக்கு மட்டும்தான். அது லொறியில் ஏறி ஊர்கோலம் போய்விட்டது.

அதற்குள் வெளியே சத்தம். துரை கையில் ஒரு தாளோடு அறையை விட்டு வந்தார்.

“மிஸ்டர் மகாலிங்கம், நான் எங்க போறது? யாரு சொன்னது நான் போறது? நீங்க எனக்கு பேர்வெல் ஸ்பீச் எழுதி வச்சிருக்கே!”

மகாலிங்கத்தார் எழுந்து நின்றார். பயந்துதான் நின்றார். ஆனால் காலையிலிருந்து அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது. “சேர், நீங்கள் எங்கயும் போக வேண்டாம். ஆனா நான் ஆருக்கு என்ன பாவம் செய்தனான்? என்னை ஏன் சேர் கொலைகாரன் ஆக்கினீங்கள்?”

அந்த நேரத்தில்தான் பிரியந்தி கதவைத் திறந்துகொண்டு வந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். நம்பர் கதை, வரிசை கதை, கூடைக் கதை, எல்லாம். வரிசையை மாற்றச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. மகாலிங்கத்தார் இரண்டு தரம் செருமினார். பிறகு, “துரையை முதல் போடச் சொன்னது நான்தான் சேர்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“சண்டை பொறகு வச்சிக்குவோம். பழைய மெஷின் எங்க?” என்றார் துரை.

செல்லசாமியைத் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். லொறி கினிகத்தேனையில் ஒரு குறிப்பிட்ட கடை முன்னால் நிற்காமல் போகாது. பருப்பு வடை சூடாக வரும்வரை, கொழும்பே எரிந்தாலும் அவன் எழும்ப மாட்டான். கடைக்குப் பக்கத்து டெலிபோன் கடைக்குப் போன் அடித்தார்கள். வாயில் வடையோடு வந்து பேசினான் செல்லசாமி. நல்ல காலம், பள்ளிக்கூடத்துக்கு இன்னும் போகவில்லை. ஆனால் தேயிலையை ஏற்றிக்கொண்டு அவன் திரும்பி வர முடியாது.

“பஸ்ஸுல போட்டு வுடுறேனுங்க தொரைங்களே. நுவரெலியா பஸ்ஸு வருது. தலவாக்கலையில எடுத்துக்கச் சொல்லுங்க” என்றான்.

வீரய்யாவை உடனே தலவாக்கலைக்கு விரட்டினார்கள். ஜீப் வட்டகொடை ஸ்டேஷனுக்கு ஓடி, வெறுமனே திரும்பி வந்தது. ரயிலில் ஹெட் ஒப்பீஸ் ஆள் யாரும் இறங்கவில்லையாம். ஒப்பீஸ் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. சிவனேஸ்வரி மிஸ் பிரியந்தியின் முதுகைத் தடவி, “பார்த்தீரே, கடவுள் இருக்கிறார்” என்றார்.

கடவுள் இருந்தார்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கும் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி வந்திருந்தது. கோபிசங்கர் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டு, நுவரெலியா பஸ்ஸில் ஏறியிருந்தார். கினிகத்தேனையில் கண்டக்டர் ஒரு பழைய கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, “மாத்தயா, கொஞ்சம் மடியில வச்சிக்கங்க, நல்ல சாமான்” என்று அவர் மடியில் வைத்துவிட்டார். மலையில் பஸ் வளைந்து வளைந்து ஏற, ஒவ்வொரு வளைவிலும் அந்த மனிதர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். தலவாக்கலையில் இறங்கினால், அங்கே வீரய்யா.

“அந்த மெஷினு எங்களோடதுங்க. நீங்க எந்தப் பக்கம்?”

“கிளென்டார் தோட்டம்.”

“அட, நானும் அங்கதாங்க! வாங்க, ஒரே திரீவீல்ல போயிருவோம்.”

திரீவீலில் ஏறினது முதல் வீரய்யா கதை சொல்லத் தொடங்கினார். யாருக்குச் சொல்கிறோம் என்று கேட்கவே இல்லை. துரையின் நாவல், கிளாக்கரின் பிரியாவிடை, ஹெலிகொப்டரில் சின்னராசா, கூடை கூடையாகக் கொட்டினது, ஒன்றையும் விடவில்லை. “இப்ப ஹெட் ஒப்பீஸ்ல இருந்து எவனோ ஒருத்தன் வர்றானாம். அவன் வர்றதுக்குள்ள முடிக்கணும். புள்ளைக்கி வேல போயிரும் பாருங்க” என்று முடித்தார். வந்தவர் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

ஒப்பீஸ் வாசலில் இறங்கி, பழைய சேர்வரை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தார் கோபிசங்கர். “வணக்கம். துரையின்ர நாவலைக் கிளாக்கர் படிச்ச ஒப்பீஸ் இதுதானே?”

வீரய்யா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிரியந்திக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் நின்று மழையில் நனைந்தது, அம்மா கேட்கிறவர்களுக்கெல்லாம் ‘இந்தா இந்த மாசம் நிரந்தரமாக்கிருவாங்க’ என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது, எல்லாம் வீணாகிவிட்டது.

கோபிசங்கர் புது சேர்வர் முன்னால் உட்கார்ந்தார். பெக்டரியிலிருந்து ஓடி வந்த சின்னராசாவும் சேர, எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். “அழிக்கிறதுக்கு முதல் ஒண்டு பார்ப்பம். ஒவ்வொரு பைலையும் எப்பெப்ப, எத்தனை தரம் திறந்து பார்த்தது எண்டு சேர்வர் குறிச்சு வைக்கும்” என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

அய்யோ, அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்! துரையின் நாவல் இன்று காலை பன்னிரண்டாம் அத்தியாயம் வரை திறக்கப்பட்டிருந்தது. மகாலிங்கத்தார் கூரையைப் பார்த்தார். பிரியாவிடை உரைகளில் சின்னராசாவுடையது ஏழெட்டுத் தரம் திறக்கப்பட்டிருந்தது. சின்னராசா பெக்டரிக்குப் போக வேண்டும் என்று நகரப் பார்த்தான். வீரய்யா சட்டையைப் பிடித்து நிறுத்தினார். படங்கள் அத்தனையும் திறக்கப்பட்டிருந்தன. சிவனேஸ்வரி மிஸ் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். வீரய்யாவின் குப்பையையும் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று படித்தபோது, துரை தன் கையில் இருந்த சங்கேதத் தாளை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார்.

“சிவனேஸ்வரி மிஸ்ஸின்ர கடிதங்கள்…” என்று கோபிசங்கர் நிறுத்தினார். இன்னொரு தரம் பார்த்தார். “வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒருத்தரும் திறக்கேல்லை. இது காலமை ஆரிட்ட இருந்தது?”

“என்கிட்டங்க சேர்” என்றாள் பிரியந்தி.

“திறந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. ஏன் திறக்கேல்லை?”

அவள் யோசிக்கவே இல்லை. “நாங்க லயத்துல இருக்கோம் சேர். ஒரே கூரையில பன்னெண்டு காம்பரா. சொவரு கூரை வரைக்கும் போவாது. பக்கத்து வூட்டுல சண்டை, அழுகை, கொஞ்சுறது எல்லாம் கேக்கும். கேட்டாலும் கேக்காத மாதிரி இருந்துக்குவோம். காலையில தண்ணிப் பீலியில பாத்தா அதப்பத்தி மூச்சு வுட மாட்டோம். இல்லாட்டி ஒருத்தரும் அங்க குடித்தனம் பண்ண முடியாதுங்க.”

சிவனேஸ்வரி மிஸ் வாயிலிருந்து முந்தானையை எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

கோபிசங்கர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். “நான் கை வைக்க மாட்டன். நீரே செய்யும்.”

பிரியந்தி உட்கார்ந்தாள். புது சேர்வரைத் துடைத்துக் காலியாக்கினாள். பழைய சேர்வரை அதோடு வயரால் இணைத்தாள். பேர் பதிகிற இடம் வந்ததும் கை நின்றது. மகாலிங்கத்தாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் டையைச் சரிசெய்துகொண்டு, “பழைய வரிசைப்படியே போடும் பிள்ளை. முதல் வீரய்யா. பிறகுதான் துரை” என்றார். சொல்லும்போது அவருக்கு எங்கேயோ வலித்தது, ஆனாலும் சொன்னார்.

“எனக்கு என்னத்துக்குங்க மொத நம்பரு? யாராச்சும் டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டார் வீரய்யா. ஒருத்தரும் பதில் சொல்லாததால் எல்லாருக்கும் ஊற்றினார்.

சொந்தம் மாறாமல் பைல்கள் போகத் தொடங்கின. ஆறு பேரும், வந்தவரும், டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றார்கள். டீ ஆறியது. முடிந்ததும் அவரவர் கம்பியூட்டருக்கு ஓடினார்கள். “வந்திட்டுது!” என்று கத்தினார் மகாலிங்கத்தார். “என்ர உரைகள் எல்லாம் இருக்கு!” சிவனேஸ்வரி மிஸ் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துரை தன் அறையிலிருந்து, “பன்னெண்டு சப்டர் ஹரி, எல்லாம் சரி!” என்று சத்தம் போட்டார். பெக்டரியிலிருந்து சின்னராசா போனில் அடித்து, ஹெலிகொப்டர் வந்து சேர்ந்துவிட்டது என்றான்.

பிரியந்தி அசையாமல் நின்றாள். அவளுடைய பைல்களை அவள் இன்னும் திறந்து பார்க்கவில்லை. கோபிசங்கர் துரையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கதவு திறக்கிற வரைக்கும் அவள் அந்தக் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துரை வெளியே வந்தார். “ஒரே வேலையில ரெண்டு தப்பு பண்றது. ரெண்டும் பெரிய தப்பு” என்றார். அவள் தலையைக் குனிந்தாள். “ஆனா எங்க எல்லார் சாவியும் யாராவது ஒருத்தர் கையில இருக்கத்தான் வேணும். மிஸ்டர் கோபிசங்கர் சொல்றது, அது ஒன் கையிலயே இருக்கட்டும்னு. நானும் அதான் சொல்றது. இன்னையில இருந்து பெர்மனன்ட்.”

அப்போது வந்தது பாருங்கள் சிரிப்பு! நிறுத்தவே முடியவில்லை. மகாலிங்கத்தார் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுத்துவிட்டு, துரை பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சேர், பதின்மூண்டாம் அத்தியாயத்தில அந்தக் கிளாக்கர் பிடிபடுறாரோ?”

பொழுது சாயும்போது பிரியந்தி லயத்துக்கு ஓடினாள். குறுக்கு வழியில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. வீரம்மா அடுப்பங்கரையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து எழுந்தாள்.

“என்னாடி? என்னா சொன்னாங்க?”

“கெடச்சிருச்சும்மா” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, மூச்சு வாங்கியது.

வீரம்மா வாயைத் திறக்கும் முன்னாலேயே அந்தப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. அடுத்த காம்பராவில் யாரோ “கெடச்சிருச்சாம்!” என்று கத்தினார்கள். அதற்கு அடுத்ததில், அதற்கும் அடுத்ததில். மூன்று வருஷமாக இரவில் வீரம்மா மகள் வேலையை நினைத்து அழுததையெல்லாம் கேட்டும் கேட்காதவர்களாக இருந்த பதினொரு காம்பராக் கதவுகளும் படபடவென்று திறந்துகொண்டன. மாவுக் கையோடும் ஈரத் தலையோடும் அத்தனை பேரும் வாசலுக்கு ஓடி வந்து, பிரியந்தியைத் தூக்கினார்கள்.